புல்லுக்கு யார் வக்காலத்து?

கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயத்தில் காக்க வேண்டியது மரம் மட்டுமல்ல, புல்வெளியும்தான் என்று சென்ற இதழில் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. ஆகவே இந்த மாதம் மாடித் தோட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடர் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று எழுதியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் வத்தலக்குண்டுக்காரி. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வாசலில் நின்றால் இந்த மலைதான் தெரியும். அதனால் இதில் எனக்கு நடுநிலை எல்லாம் கிடையாது.

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சி வரை போனோம். வழியில் சில மலைகள் மரமே இல்லாமல் மொட்டையாகக் கிடக்கின்றன. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் பனியன் கம்பெனியில் ஆளுக்கு ஒரு மரக்கன்று வாங்கித்தரத் தயாராக இருக்கிறார்கள். யாரிடம் கொடுப்பது? (வாசகர், திருப்பூர்)

உங்கள் கம்பெனிக்காரர்களின் நல்ல மனசுக்கு வணக்கம். கன்றுகளை நொய்யல் கரையில் நடுங்கள், அங்கே இடம் காத்திருக்கிறது. தயவுசெய்து மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நீங்கள் மொட்டை என்று பார்த்தது புல்வெளி. பழனிமலையில் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேலே நிலம் இருக்கும் விதமே வேறு. மேடு மேடாகப் புல். இரண்டு மேடு சேரும் மடிப்பில், ஓடை பிறக்கும் இடத்தில், கரும்பச்சையாக அடர்ந்த காடு, அதுதான் சோலை. சோலை முடிகிற இடத்தில் கோடு போட்டாற்போலப் புல் தொடங்கிவிடும். நடுவில் புதர், குட்டை மரம் என்று படிப்படியாகக் குறைவதெல்லாம் பெரும்பாலும் இருக்காது.

ஏன் மரம் மேட்டுக்கு ஏறவில்லை? முக்கியமான காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த மேட்டில் பனி உறைந்துவிடும், விடியும்போது புல் வெளுத்துக் கிடக்கும். சோலை மரங்கள் பெரும்பாலும் வெப்பமண்டலச் சாதி. திறந்த வெளியில் முளைத்த கன்றின் குருத்து அந்தக் குளிரில் கருகிப்போகும். சோலைக்குள்ளே இலைக்கூரை தரையின் சூட்டைப் பிடித்துவைப்பதால் கன்று பிழைக்கிறது. புல்லுக்கு உயிர் மண்ணுக்கடியில் இருக்கிறது. மேலே பனியில் வாடினாலும், தீயில் எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்த்துவிடும். மேட்டில் அடிக்கிற காற்றும் சேர்ந்துகொள்கிறது.

'ஒரு காலத்தில் எல்லாம் காடாகத்தான் இருந்திருக்கும், மனுஷன் வெட்டி எரித்த பிறகு புல் வந்திருக்கும்' என்று என்னிடமே பலர் வாதாடியிருக்கிறார்கள். நீலகிரியில், இதே மாதிரி நிலத்தில், சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த கரிச்சேற்றை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். புல்லின் தடயமும் மரத்தின் தடயமும் அதில் மாறி மாறி இருக்கின்றன. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. மழையும் குளிரும் கூடக் குறைய, சோலை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான்.

உங்களுக்கு வந்த அதே எண்ணம் வெள்ளைக்காரர் காலத்து வன அதிகாரிகளுக்கும் வந்தது. சும்மா கிடக்கிற நிலம், மரம் வைத்தால் வருமானம். விறகு வேண்டும், தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்ற மரமும் யூகலிப்டஸும் வந்தன. விடுதலைக்குப் பிறகு நாமும் அதை நிறுத்தவில்லை. ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று இன்னும் வேகமாக நட்டோம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் 1970-களின் செயற்கைக்கோள் படங்களையும் அண்மைப் படங்களையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மரத்தோட்டமும் விவசாயமும் அதை எடுத்துக்கொண்டன. நீங்கள் வருத்தப்பட்டுப் பார்த்தது, மிச்சமிருக்கும் அந்த ஒரு பங்கின் ஓரத்தை.

இன்னொன்று. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஆடு மேய்கிற சரிவைப் பார்த்துவிட்டு இதுதான் அந்தப் புல்வெளி என்று முடிவுகட்டாதீர்கள். உண்மையான மலைப் புல் கொத்துக் கொத்தாக, முரடாக, முழங்கால் வரை நிற்கும். நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் மாணவிகளைக் குப்புறப் படுக்கச் சொல்வேன். சேலை அழுக்காகும் என்று முனகுவார்கள். அப்புறம் ஈரமான இடத்தில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு செடி, இலை நுனியெல்லாம் பசைத்துளி, அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்த்ததும் எழுந்திருக்க மாட்டார்கள். பூச்சி தின்னும் டிரோசிரா அது. வாட்டில் நிழல் விழுந்த இடத்தில் அதைத் தேடி அலைய வேண்டாம், இருக்காது.

கேள்வி: பைன் காடு இயற்கையானதா? அங்கே போனால் ஏதோ வெளிநாட்டில் இருப்பதுபோல் இருக்கிறதே? (வாசகி, மன்னார்குடி)

இருக்கத்தானே செய்யும், மரம் வெளிநாட்டு மரம். அதில் பெரும்பங்கு மெக்சிகோ நாட்டுச் சாதி. வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்தாலே நட்டது என்று தெரியும். அடுத்தமுறை போனால் படம் எடுத்து முடித்ததும் கீழே குனிந்து பாருங்கள். ஊசியிலை மெத்தையைத் தவிர பெரிதாக எதுவும் முளைத்திருக்காது. பறவைச் சத்தமும் குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: பெரியகுளம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மலையில் மரம் இருந்தால்தான் மழை, மரம் இருந்தால்தான் தண்ணீர் என்று படித்து வளர்ந்தவன் நான். நீங்கள் புல்லைத் தூக்கிப் பேசுகிறீர்கள். எங்கள் ஆற்றுக்கு எது நல்லது? (வாசகர், தேனி மாவட்டம்)

நியாயமான கேள்வி ஐயா. இந்த மலையைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் கேட்க வேண்டியதும் இதுதான்.

பழனிமலையின் தண்ணீர் இரண்டு பக்கமாகப் பிரிகிறது. தெற்குச் சரிவில் விழுவது வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி என்று இறங்கி வைகைக்குப் போகிறது. வடக்குச் சரிவில் விழுவது குதிரையாறு, பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி என்று இறங்கி அமராவதியைச் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. இதில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் ஓர் அணை இருக்கிறது. உங்கள் சோத்துப்பாறை அணைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தால் பேரிஜம் ஏரி வரும். பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அது. அங்கிருந்து மேலே பார்த்தால் சோலையும் புல்லும், இப்போது வாட்டிலும் பைனும்.

மலைப் புல்லுக்கு அடியில் மண் கறுப்பாக, மட்கு நிறைந்து, பின்னிய வேரோடு இருக்கும். மழைத் தண்ணீரை உள்ளே வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். புல் தானும் குடிக்கும், ஆனால் குளிர்காலத்தில் வாடி ஓய்ந்துவிடும். வாட்டிலும் யூகலிப்டஸும் ஆண்டு முழுக்கப் பச்சை, வேகமாக வளர்கிற சாதி. வேர் ஆழமாக இறங்கும். கோடையிலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இதே வாட்டில் ஆற்றோரங்களில் பரவி நீர்வரத்தைக் குறைத்ததால், 1995-ல் அரசே ஆள் வைத்து வெட்டி அகற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தண்ணீருக்காக மரம் வெட்டிய அரசு என்றால் நம்ப முடிகிறதா?

சோலை மரம் வேறு கதை. மெதுவாக வளரும், பாசி போர்த்து நிற்கும், மேகத்திலிருந்தே ஈரத்தைப் பிடித்துச் சொட்டவிடும். ஆகவே மரமா புல்லா என்று என்னைக் கட்சி கட்ட வைக்காதீர்கள். உங்கள் ஆற்றுக்கு மடிப்பில் சோலையும் வேண்டும், மேட்டில் புல்லும் வேண்டும்.

கேள்வி: பழைய நிலப்படம் ஒன்றில் 'உத்தேசப் பழனிமலை தேசியப் பூங்கா' என்று போட்டிருக்கிறது. அது வந்ததா இல்லையா? நான் மேல்மலைக் கிராமத்தில் பூண்டு போடுகிறேன். சரணாலயம் என்றாலே எங்கள் ஊரில் நிலம் போய்விடும் என்று பயம். (வாசகர், கொடைக்கானல் வட்டம்)

தேசியப் பூங்காவாக வரவில்லை. எத்தனையோ ஆண்டுகள் உத்தேசமாகவே கிடந்து, கடைசியில் 2013-ல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். மொத்தப் பழனிமலை சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் என்பதால், இது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் ஆடுமாடு மேய்ச்சலுக்கு இடமில்லை, மக்களின் உரிமைகளும் தீர்க்கப்பட்டாக வேண்டும். சரணாலயத்தில் அப்படி இல்லை. எல்லைக்குள் யாருக்கு என்ன உரிமை என்று ஆட்சியர் விசாரிக்க வேண்டும், சில உரிமைகளைத் தொடரவும் விடலாம். பட்டா நிலத்தைப் பலகை நட்டதும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒன்று எல்லையிலிருந்து அதை விலக்க வேண்டும், இல்லையென்றால் சட்டப்படி இழப்பீடு கொடுத்து வாங்க வேண்டும். பளியர் போன்ற பழங்குடிகளுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. அந்த உரிமை சரணாலயத்துக்குள்ளும் செல்லும். உங்கள் சர்வே எண் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று டீக்கடையில் கேட்காமல், தாசில்தார் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பூம்பாறை, மன்னவனூர்ப் படிக்கட்டு வயல்கள் நேற்று வந்தவை அல்ல. மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே உங்களைப் போன்றவர்களால்தான். புல்வெளி குறைந்ததில் விவசாயத்துக்கும் பங்கு உண்டு என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் ஊருக்குள் கேரட்டைத் தின்ன வரும் காட்டுமாட்டை நினைத்துப் பாருங்கள். புல் தின்கிற மிருகம் அது. மேட்டில் புல் இருந்த இடமெல்லாம் வாட்டில் ஆகிவிட்டால் அது எங்கே போகும்? கொடைக்கானல் ஏரிச்சாலையிலேயே நடக்கிறது. மேட்டில் புல் திரும்பினால் உங்கள் தோட்டத்துக்கு நெருக்கடி குறையும் என்பது என் கணிப்பு.

கேள்வி: அப்படியானால் வாட்டில் மரங்களை ஒரேயடியாக வெட்டித் தள்ளிவிடலாமே? நீதிமன்றமும் சொல்லிவிட்டது, அரசும் கொள்கை வெளியிட்டுவிட்டது. இன்னும் என்ன தயக்கம்? (கல்லூரி மாணவி, கரூர்)

ஆமாம் மகளே, அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, அந்நியத் தாவரங்கள் பற்றித் தமிழக அரசின் கொள்கை 2022-ல் வந்தது. இருந்தாலும் மரத்தை வெட்டுவது இந்த வேலையில் சுலபமான பகுதி.

வாட்டில் விதையின் ஓடு கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கும். மேலே இருக்கும் மரத்தை வெட்டி வெயில் படவைத்தாலோ, தீ போனாலோ அத்தனையும் ஒன்றாக முளைக்கும். ஒரு மரம் நின்ற இடத்தில் கால் வைக்க இடமில்லாமல் கன்று. லாரியில் மரத்தை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று போய்விட்டால், பத்து ஆண்டில் முன்னைவிட அடர்த்தியான வாட்டில் காடு கையில் இருக்கும். வெட்டின இடத்துக்கு ஆண்டுதோறும் ஆள் போய்க் கன்று பிடுங்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காத ஒப்பந்தத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது. சோலைக்குப் பக்கத்தில் வயதான வாட்டில் தோப்புக்குள் போய்ப் பார்த்தால், அடியில் சோலை மரக் கன்றுகள் நிற்கும். நாவல் வகை, உத்திராட்ச வகை எல்லாம். பறவை கொண்டுவந்து போட்ட விதை. வாட்டில் கொடுக்கிற நிழலால் உறைபனியிலிருந்து தப்பித்து வளர்கின்றன. அந்தத் தோப்பை வெட்டினால் கன்றும் நசுங்கிச் சாகும். அங்கே சும்மா இருப்பதே நல்லது. வாட்டில் கிழண்டு விழும், சோலை எழுந்துகொள்ளும். ஆனால் ஒரு காலத்தில் புல்லாக இருந்த மேட்டில் இப்படிச் சோலை வந்தால் அது லாபமா நஷ்டமா என்று கேட்பவர்களும் உண்டு. நானும் அதைக் கேட்பவள்தான். வளர்ந்துவிட்ட சோலையை வெட்டச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வராது.

நான் பொறுப்பில் இருந்தால் முதலில் வாட்டில் நுழைந்துகொண்டிருக்கும் புல்வெளி ஓரத்துக்குத்தான் ஆள் அனுப்புவேன். அங்கே கன்று சின்னது, விதை போடுமுன் கையாலேயே பிடுங்கலாம். செலவு குறைவு, காப்பாற்றுவது அதிகம். கொடைக்கானல் பக்கத்தில் வட்டக்கானலில் ஓர் அறக்கட்டளை சோலை மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்க்கிறது. விடுமுறையில் போனால் அதையும் பார்த்துவிட்டு வா.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கிறேன். பழனிமலை என்றால் முருகன் கோயில் இருக்கிற மலைதானே? அங்கே சோலை எங்கே இருக்கிறது? (மாணவன், பழனி)

கோயில் இருப்பது அடிவாரத்தில் தனியாக நிற்கும் சின்னக் குன்று, தம்பி. அதன் மேலிருந்து தெற்கே பார், சுவர் மாதிரி ஒரு பெரிய மலைத்தொடர் தெரியும். நான் சொல்வது அது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு வந்த கிளை. அதன் மேற்குக் கோடியில் இருக்கும் வந்தரவு சிகரம் 2,500 மீட்டருக்கும் கொஞ்சம் மேல்.

கேள்வி: ஊட்டியில் நீலகிரிச் சிரிப்பான் பார்த்துப் படம் எடுத்துவிட்டேன். கொடைக்கானலில் நல்ல வெளிச்சத்தில் அதே பறவையை எடுக்க எந்த இடம் சரி? (பறவை ஆர்வலர், சேலம்)

அதே பறவை கிடைக்காது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த, சூடான நிலம். சோலைக் குளிரில் வாழும் சிறு பறவையால் அதைக் கடக்க முடியவில்லை. பல லட்சம் ஆண்டுகள் பிரிந்தே இருந்ததால் அந்தப் பக்கம் ஓர் இனம், இந்தப் பக்கம் ஓர் இனம் என்று ஆகிவிட்டது. இங்கே இருப்பது பழனிச் சிரிப்பான். ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1860-களில் கொடைக்கானலில் சேகரித்துக் கொடுத்தது, அறிவியல் பெயரில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது. நெற்றியிலிருந்து கண்வழியே கறுப்புக் கோடு, மேலே வெள்ளைப் புருவம். ஊருக்குள் தோட்ட வேலியில்கூட வரும். சோலைக்குள் தரையோடு தத்தித் திரியும் நீலநிறச் சோலைக்கிளியும் (பெயரில்தான் கிளி, இது வேறு சிறு பறவை) அப்படித்தான், கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே வேறொன்று. அதற்கு வெளிச்சம் கேட்காதீர்கள், இருட்டில்தான் இருக்கும்.

கேள்வி: குறிஞ்சி எப்போது? (பல வாசகர்கள்)

கொடைக்கானலில் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. இடையில் 'குறிஞ்சி பூத்திருக்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் வேறு குறிஞ்சி வகை. அதே குடும்பத்தில் நிறைய உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்கு ஒரு பழைய சாலை இருந்ததாமே. அதைத் திறந்தால் எங்களுக்கு எவ்வளவு வசதி! (சுற்றுலா வாகன ஓட்டுநர், வத்தலக்குண்டு)

நம்ம ஊர்க்காரர் கேட்கிறீர்கள், என்ன சொல்ல! வசதிதான். கீழே இறங்கித் தேனி, போடி, போடிமெட்டு என்று சுற்றுவது பெரிய அலைச்சல் என்று எனக்கும் தெரியும். மூணாறுக்கு அருகில் டாப் ஸ்டேஷன் பக்கம் போய்ச் சேரும் அந்தச் சாலையை 1990 வாக்கில் மூடினார்கள். மூடியதால்தான் அந்தப் பக்கம் இன்னும் உருப்படியாக இருக்கிறது. பழனிமலையும் ஆனைமலையும் கை கோர்க்கும் இடம் அது. யானை வருவதும் போவதும் அந்த வழி. கேரள எல்லைக்குள் அடுத்ததாகவே பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. வரையாடு நிற்கும் செங்குத்துப் பாறைகளும் அந்தப் பக்கம்தான். பெருமாள்மலை வளைவில் சனிக்கிழமை காலையில் நிற்கிற வண்டி வரிசையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதைப் பேரிஜத்துக்கு மேலேயும் கொண்டுபோக எனக்குச் சம்மதம் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பேரிஜம் ஏரிக்கு நாங்களாகப் போகலாமா? (வாசகி, சென்னை)

முதலில் கொடைக்கானலுக்கே இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது, இணையத்தில் எடுக்கலாம். பேரிஜத்துக்குத் தனியாக வனத்துறை அனுமதி வேண்டும். நாளொன்றுக்குக் குறிப்பிட்ட வண்டிகளைத்தான் விடுவார்கள், ஆகவே முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் இருந்தால் அனுமதி கையில் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்கு வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக வேண்டாம். ஸ்வெட்டர் மட்டும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.